இரண்டாவது சங்கு

ஆறு இரைகிற வரைக்கும் பயமில்லை. ஆறு வாயை மூடினால் மேட்டுக்கு ஓடு. எங்கள் மலையூர் தாஷ்-கெச்சூவில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரியும்படி செய்தவளே நான்தான். முதல் மானியம் வந்த வருடம் இந்த வாசகத்தை நீல எழுத்தில் அச்சடித்து, கடை, பள்ளிக்கூடம், மசூதி, மாட்டு வைத்தியர் வீட்டுக் கதவு என்று ஓரிடம் பாக்கி விடாமல் ஒட்டினேன். என் சமையலறைச் சுவரிலும் ஒன்று இருக்கிறது. அதைக் கிழித்துப் போட எனக்கு இன்னும் கை வரவில்லை.

என் பெயர் புருல். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் ஊர்ப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவியானேன். தலைவி என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். அறக்கட்டளைக்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான், அதனால் தலைவி. எந்த வார்த்தையை எந்தக் கட்டத்தில் வைத்தால் அவர்கள் மனம் இளகும் என்று எனக்கு அத்துப்படி. தையல் கூடத்துக்கு வாங்கியிருக்கிறேன், பாலர் பள்ளிக்கு அடுப்பு வாங்கியிருக்கிறேன். ஊரில் என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

எங்களுக்கு மேலே நாலு மணி நேர நடையில், பனிமலை அடிவாரத்தில் ஓர் ஏரி. நான் சிறுமியாக இருந்தபோது அது வெறும் குட்டை. இப்போது குதிரையில் சுற்றிவரவே அரை நாள் ஆகும். பனியும் சரளையும் கலந்த ஒரு கரைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தக் கரை ஒருநாள் உடையும் என்று தலைநகரிலிருந்து வந்த படித்தவர்கள் வரைபடம் விரித்துச் சொன்னார்கள். எந்த நாள் என்று கேட்டோம். அது ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளம் வரும் முன் அணை போடு என்பார்கள். அணை போட எங்களுக்கு வக்கில்லை, ஆள் போட்டோம். முதல் மானியத்தில் பள்ளிக்கூடக் கூரைமேல் ஓர் அபாயச் சங்கு வந்தது. எங்கள் ஊர் மின்சாரத்தை நம்ப முடியாததால் கையால் சுற்றுகிற சங்கு. கழுகுக் கழுத்து என்கிற பாறை முனையில் ஒரு குடில் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கரையும் தெரியும், ஆறு இறங்குகிற குறுகலும் தெரியும். அந்தக் குறுகல் மண் சரிந்து அடைபட்டால் கீழே ஆறு சத்தமடங்கும், பின்னால் தேங்கியதெல்லாம் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வரும். கோடை முழுக்க அங்கே காவல் இருக்க இரண்டு பேர், கையில் வாக்கி-டாக்கி. அவர்கள் பார்த்துச் சொன்னால் கீழத்தெரு இருபத்துமூன்று வீடும் மேடேற நாற்பது நிமிடம் கிடைக்கும்.

இரண்டு பேர் என்றேனா? ஒருவன் என் கொழுந்தன் தெமிர்குல். இன்னொருவன் குபாத். குபாத் மே மாதமே மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அதை நான் அறக்கட்டளைக்கு எழுதவில்லை. காவலுக்கு ஆள் நிற்காத ஊருக்கு அடுத்த மானியம் யார் கொடுப்பார்கள்? அந்த அடுத்த மானியத்தில்தான் என் உயிரே இருந்தது. ஏரிக்கரையிலேயே பதிக்கிற கருவி. கரை அசைந்தால் தானே கீழே சங்கை ஊதும். கருவி தூங்காது, மாஸ்கோவுக்கும் போகாது. அது வருகிற வரைக்கும் ஒரே ஒரு பொய்யால் ஒருவருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன்.

ஜூலைக் கடைசியில் தந்தி மாதிரி ஒரு செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை முடிவு செய்கிறார்கள், மூன்று ஊர்கள் போட்டியில், புதன்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள். அலுவலகத்திலிருந்து தாமிரா என்கிற பெண், கூடவே பணம் கொடுக்கிற நாட்டிலிருந்து ஹோல்ம் என்கிற பெரியவர்.

பத்து நாளாக மேகமே இல்லாத வெயில். செவ்வாய்க்கிழமை தெமிர்குல் மலையிலிருந்து இறங்கி என் வீட்டு வாசலில் குதிரையைக் கட்டினான். முகம் வெந்து உரிந்திருந்தது. உட்காரவில்லை.

"அண்ணி, கரை கசியுது. முந்தாநாள் ஒரு இடத்துல. இன்னைக்கு மூணு இடத்துல. தண்ணி சாம்பல் கலர்ல வருது."

"கோடையில கசியறதுதானே தம்பி. போன வருஷமும் கசிஞ்சுது."

"போன வருஷம் தெளிஞ்ச தண்ணி. நான் இப்பவே திரும்பிப் போறேன். நாளைக்கு விருந்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க."

"ஆடு உன்னுதுப்பா!"

அதுதான் சிக்கல். மானியம் வேண்டுமென்றால் ஊரும் தன் பங்கைப் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆளாளுக்கு ஒன்று கொடுத்தார்கள். தெமிர்குல் விருந்துக்குத் தன் ஆட்டைக் கொடுத்தான். எங்களிடம் விருந்தாளிக்கு அறுக்கிற ஆட்டை உடையவன்தான் கயிற்றைப் பிடித்து வாசலில் நிறுத்தி ஆசி கேட்க வேண்டும். வேறொருவன் பிடித்தால் அது மனமில்லாமல் கொடுத்த ஆடு. அப்படிப்பட்ட கறியை விருந்தாளிக்கு வைப்பதும் அவன் முகத்தில் துப்புவதும் ஒன்று.

ஊர்த் தலைவர் சிதிக் அந்நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"என்னடா தெமிர்குல், ஆட்டைக் குடுத்துட்டு ஆளு ஓடறியா? வெளிநாட்டுக்காரன் முன்னால ஊர் மானத்தை வாங்கப் போறியா?"

"கரை கசியுதுங்க."

"ஒரு காலைப் பொழுது. கயித்தைப் பிடி, ஆசி வாங்கு, மத்தியானம் கிளம்பு. ஏரி ஐம்பது வருஷமா உக்காந்திருக்கு, அரை நாள் உனக்காகக் காத்திருக்காதா? டீச்சர், நீங்க சொல்லுங்க."

நான் சொன்னேன். கருவி வந்துவிட்டால் இந்தப் பயமே இனி இல்லை, ஒரு காலைப் பொழுதுதான் என்று சொன்னேன். தெமிர்குல் குதிரையிலிருந்து சேணத்தை இறக்கினான். என் கணவர் இறந்த ஒன்பது வருடத்தில் அவன் என் சொல்லை ஒருமுறைகூடத் தட்டியதில்லை. அன்றும் தட்டவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு வெள்ளை வண்டி வந்தது. ஹோல்ம் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். எழுபது வயது, பெரிய காது, கழுத்தில் கேமரா, எதைப் பார்த்தாலும் குழந்தை மாதிரி சந்தோஷம். தெமிர்குல் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் எங்களைப் பார்த்துப் பார்த்து உள்ளங்கையை விரித்து ஆசி சொன்னார். தாமிராவுக்கு முப்பது வயதிருக்கும். கையில் அட்டை, அட்டையில் கேள்விகள்.

பதினோரு மணிக்கு ஒத்திகை. தெமிர்குல் கூரையேறிச் சங்கைச் சுற்றினான். கீழத்தெரு முழுக்க மூட்டை முடிச்சோடு மேடேறியது. அவன் மனைவி அசில்கான்தான் முன்னால் வந்தாள். என் ஓரகத்தி. முப்பத்தெட்டு வயதிலும் சிரிப்பை அடக்கத் தெரியாதவள். கையில் அவளைவிடப் பெரிய மூட்டை.

"என்னடி இது, வீட்டையே கட்டிக்கிட்டு வந்துட்ட?" என்றேன்.

"ரெண்டு தலகாணிக்கா. படத்துல நாலு காசு உள்ள வீடு மாதிரி தெரியணும்ல." பிறகு கூரையைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், என்ன வெண்ணெய் கடையுறியா? வேகமாச் சுத்து!"

மொத்த ஊரும் சிரித்தது. தெமிர்குல்கூடச் சிரித்தான். அவள் அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். தாமிரா கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று அட்டையில் எழுதினாள். ஹோல்ம் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கருவி என் கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அப்போது ஹோல்ம் தாமிராவிடம் ஏதோ சொன்னார். அவள் கூச்சத்தோடு என்னிடம் வந்தாள்.

"வெயில் உச்சியில இருக்குதுங்களா, படத்துல எல்லார் முகமும் கறுப்பா விழுது. முடிஞ்சா சாயங்கால வெளிச்சத்துல இன்னொரு தடவை பண்ணலாமான்னு கேக்கறார். சிரமம்னா வேண்டாம்."

நான் வாயைத் திறக்கும் முன் சிதிக் கையை உயர்த்திவிட்டார். "என்ன சிரமம்? கேட்டுக்குங்க எல்லாரும்! விருந்து முடிஞ்சதும் இன்னொரு தடவை சங்கு ஊதும். இதே மாதிரி வரணும்!"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். "அடுத்த தடவை எங்க மாட்டை அனுப்பறேன், அது முகம் எப்பவும் கறுப்புத்தான்" என்றது ஒரு குரல். நானும் சிரித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் இருந்தது. சொல்லாமல் விட்டேன். அந்த அரை நிமிடத்துக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

விருந்து என் வீட்டுத் தோட்டத்தில். வீடு மேலத்தெருவின் விளிம்பில் இருக்கிறது; கீழே ஆறு. எங்கள் தோட்டத்தில் பேசுகிறவர்கள் ஆற்றுச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். கறி வேக மூன்று மணி நேரம். அதுவரை தேநீர், பொரித்த ரொட்டி, குதிரைப்பால், பேச்சு, மறுபடி தேநீர். ஒரு மணிக்குத் தெமிர்குல் எழுந்தான்.

சிதிக் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எங்கடா? ஆட்டுக்காரன் தன் எலும்பை வாங்காம எழுந்து போனா, கறியில என்னவோ கலந்திருக்குன்னு அர்த்தம். பெரிய மனுஷன் கையை நனைப்பாரா?"

எங்கள் பந்தியில் ஆட்டின் ஒவ்வொரு எலும்பும் ஒவ்வொரு ஆளுக்குரியது. தலை தலையாய விருந்தாளிக்கு, வால்பக்கம் பெண் விருந்தாளிக்கு, தொடை எலும்பு ஆட்டுக்காரனுக்கு. எலும்பு வைத்து, ஆசி சொல்லி முடிக்கும் முன் எழுகிறவன் பகையாளி. தெமிர்குல் சிதிக்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் கேட்டது எனக்குப் புரிந்தது.

"உக்காரு தம்பி. இன்னும் எலும்பு வைக்கல" என்றேன்.

உட்கார்ந்தான்.

தாமிரா அட்டையைப் புரட்டினாள். "இவர் கீழ வந்துட்டாரே, இன்னொரு காவலர் இப்ப மேல இருக்காரா? குபாத்துன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, மேலதான் இருக்கார்."

தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்த தெமிர்குல் தலையை நிமிர்த்தவே இல்லை. தாமிரா நான் சொன்னதை ஹோல்முக்கு மொழிபெயர்த்தாள். அவர் முகம் மலர்ந்து, மலைப் பக்கம் திரும்பி, அங்கே இல்லாத ஆளுக்குக் கையசைத்தார். பிறகு தெமிர்குலின் இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கியைக் காட்டி, அந்த வீரருக்கு ஒரு சலாம் சொல்லலாமா என்று கேட்டார்.

தெமிர்குல் பொத்தானை அமுக்கி நீட்டினான். ஹோல்ம் "சலாம், குபாத்!" என்றார். பதிலுக்கு உஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நாங்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தக் குடிலில் அந்நேரம் யாராவது இருந்திருந்தால் என்ன பார்த்திருப்பான் என்று இப்போது எனக்குத் தெரியும். குறுகலின் இடப்பக்கச் சரிவு ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்த நேரத்துல மலை மறைச்சிரும். எடுக்காது" என்றான் தெமிர்குல். என் பொய்க்கு அவன் முட்டுக்கொடுத்தான். கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதிதான். வெட்கம் பிறகுதான் வந்தது.

இரண்டரை மணிக்கு அசில்கான் எழுந்து என் காதில் வந்து சொன்னாள். "அக்கா, பெரியவருக்குப் போர்த்தற அங்கியில கழுத்துப்பட்டி ஓரம் மட்டும் பாக்கி. வீட்டுக்குப் போய் முடிச்சு எடுத்துட்டு வந்துர்றேன். நாலு தையல்தான்."

விருந்தாளியை வெறும் தோளோடு அனுப்புவது எங்களிடம் இல்லை. போய்வா என்றேன். போகிற வழியில் தெமிர்குலின் தொப்பியை முன்னால் இழுத்து அவன் கண்ணை மூடிவிட்டுப் போனாள். அவள் எப்போதும் செய்கிற வேலைதான்.

மூன்று மணிக்குக் கறி வந்தது. பந்திக்கு முந்து என்கிற ஊர் எங்களுடையது. எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். சிதிக் தட்டில் ஆட்டுத்தலையை ஏந்திவந்து ஹோல்ம் முன்னால் வைத்தார். உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்லத் தொடங்கினார். சிதிக்கின் ஆசி சின்னதாக இருந்ததே இல்லை. நாங்களும் கைகளை விரித்தோம். ஹோல்ம் கண்ணை மூடி, தாமிராவிடம் மெல்ல எதையோ சொன்னார். அவள் இன்னும் மெல்ல என்னிடம் சொன்னாள்.

"இந்த ஊர் எவ்வளவு அமைதியா இருக்குன்னு சொல்றார்."

அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. தோட்டத்தில், மூன்று பேருக்கு அப்பாலிருந்து, ஒரு முணுமுணுப்பு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

என் காலடியில் ஓடும் வாய்க்காலைப் பார்த்தேன். ஆற்றிலிருந்து வருகிற வாய்க்கால். கூழாங்கல் ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. ஒரு சிறு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. மேலே மாவு மில்காரன் மதகைத் திருப்பியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசி முடியட்டும் என்று சொல்லிக்கொண்டேன். ஊருக்கே நீல எழுத்தில் அச்சடித்து ஒட்டியவள், இரண்டு உள்ளங்கையையும் விரித்துக்கொண்டு, சிதிக் எங்கள் கால்நடைகள் பெருகவும் மானியங்கள் பெருகவும் வேண்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்? மூன்று நிமிடமாவது இருக்கும்.

தெமிர்குல் எழுந்துவிட்டான். ஆசியின் நடுவில் எழுந்த ஓர் ஆளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"உக்காருடா நாயே!" என்றார் சிதிக்.

அவன் பந்தியைத் தாண்டி, தட்டை மிதித்து, பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினான். சங்கு ஊதத் தொடங்கியது. ஹோல்ம் கண்ணைத் திறந்தார், வெளிச்சத்தைப் பார்த்தார், மகிழ்ச்சியோடு கேமராவை எடுத்தார்.

நான் தோட்டத்து விளிம்புக்கு ஓடினேன். அங்கிருந்து கீழத்தெரு உள்ளங்கை மாதிரி தெரியும். சங்கு கேட்டு ஆட்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். வந்து, நின்றிருந்தார்கள். ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டே கூரையைப் பார்த்தாள். இரண்டு ஆண்கள் வேலியில் சாய்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தினேன். "ஒத்திகை இல்ல! ஆறு நின்னுருச்சு! மேல வாங்க!"

"வர்றோம் டீச்சர், வர்றோம்!" என்று கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "உங்க துரை கையைக் கழுவிட்டாரா? இங்க இன்னும் யாரும் தலைகூட வாரலை!"

சிலர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஓடினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு செருப்பும் இல்லாமல், காலையில் கொண்டுவந்த மூட்டை ஒன்றும் இல்லாமல் ஓடிவந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். அசில்கான் வீடு கடைசி வளைவில், ஆறு தெரியாத பக்கம். அவள் வாசலுக்கு வந்தாள். தோளில் அந்தக் கறுப்பு அங்கி. கூரைமேல் கணவன் வெறிபிடித்தவன் மாதிரி சங்கைச் சுற்றுவதைப் பார்த்தாள். காலையில் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஊசியைக் காட்டி, இரண்டு விரலைச் சேர்த்து, இன்னும் கொஞ்சம்தான் என்று சைகை செய்தாள். பிறகு உள்ளே போனாள்.

என் தொண்டை கிழிந்தது. சங்கின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் செவிடில்லை. நாங்கள்தான் காலையில் அவர்கள் காதை அடைத்து அனுப்பியிருந்தோம். தெமிர்குலால் இறங்கி ஓட முடியாது. கையை எடுத்தால் சங்கு நின்றுவிடும், நின்றால் ஓடிக்கொண்டிருக்கிறவர்களும் ஒத்திகை முடிந்தது என்று நிற்பார்கள். அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். கண் மட்டும் அந்தக் கடைசி வளைவில் இருந்தது.

முதலில் வாசனை வந்தது, புதிதாகக் குழி தோண்டினால் வருமே அந்த மண் வாசனை. பிறகு நிலம் அதிர்ந்தது. குறுகலின் வாயிலிருந்து வந்ததை நான் வெள்ளம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரே கண்ணில் படவில்லை. கல்லும் சேறும் முழு மரங்களும் நிமிர்ந்து நடந்து வந்தன. கடைசி வளைவிலிருந்து பதினோரு வீடுகள் போயின. நான்கு பேர் போனார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சிதிக்கும் இன்னும் இரண்டு பேரும் கூரையேறி, அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து பிரித்தார்கள்.

அசில்கானை ஆறாம் நாள், ஊருக்குக் கீழே வேரோடு வந்த பாப்ளர் மரக் கட்டைகளுக்கிடையில் கண்டெடுத்தார்கள். அங்கி கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எங்கள் ஊருக்கே மானியம் என்று முடிவாயிற்று. போட்டியிலிருந்த மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் தாங்களாகவே விலகிக்கொண்டார்களாம். கருவி மட்டுமல்ல, வீடிழந்தவர்களுக்கு வீடு, பள்ளிக்கு மின்சாரச் சங்கு. நான் கேட்டதற்கு மேலே இரண்டு பங்கு. என் வாழ்நாளில் அப்படி ஒரு வெற்றியை நான் எழுதி வாங்கியதில்லை. கடிதத்தை இரண்டு நாள் மாவுப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன்.

நாற்பதாம் நாள் சடங்குக்குத் தாமிரா வந்தாள். கண் வீங்கியிருந்தது, பாவம், அந்தப் பெண்ணும் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது. ஹோல்ம் கொடுத்தனுப்பியதாக ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். காலை ஒத்திகையில் எடுத்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரும் மேட்டின்மேல் பத்திரமாக நிற்கிறார்கள். முன்வரிசையில் அசில்கான், தலையணை மூட்டையோடு. ஹோல்ம் சொன்னது சரிதான், வெயிலில் எல்லா முகமும் கறுப்பாக விழுந்திருந்தது. ஆனால் அவள் சிரிப்பது தெரிந்தது.

தெமிர்குல் படத்தை வாங்கிப் பார்த்தான். துணியில் சுற்றி ஓரமாக வைத்தான். அந்த நாற்பது நாளில் அவன் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

கறி வந்தது. பந்தி அதே என் தோட்டத்தில்தான். அவனுக்குத் தோட்டமும் இல்லை, வீடும் இல்லை. கீழே ஆறு பழையபடி இரைந்துகொண்டிருந்தது. தாமிரா குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது, அதனால் பந்தி முழுக்கக் கேட்டது.

"புருல் அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த இன்னொரு காவலர், மேல இருந்தாரே, குபாத். அவரைப் பத்தி யாருமே சொல்லலை. அவர் உடம்பு கிடைச்சுதா? காவல் இடத்தை விட்டு நகராம உயிரை விட்டவருக்கு ஒரு கல் நடணும்னு ஹோல்ம் ஐயா சொல்றார். அவங்க குடும்பத்துக்கும் ஏதாவது செய்யணும்னு."

சிதிக் தன் தட்டையே பார்த்தார். குபாத்தின் தாய் பந்தியில் என் எதிரில்தான் இருந்தாள். நேற்று மகனோடு தொலைபேசியில் பேசியதை என்னிடம் சொல்லியிருந்தாள். உள்ளே எதையோ எடுத்துவரப் போகிறவள் போல எழுந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. கால் எழுந்துவிட்டது.

"உக்காருங்க அண்ணி" என்றான் தெமிர்குல். குரலில் கோபம் இல்லை. "இன்னும் எலும்பு வைக்கல."

உட்கார்ந்தேன். அவன் தட்டிலிருந்து தொடை எலும்பை எடுத்தான், ஆட்டுக்காரனுக்குரியதை, அன்றைக்கு அவன் வாங்காமல் போன பங்கை. சுற்றி வந்து என் முன்னால் வைத்தான். பிறகு தன் இடத்தில் போய் அமர்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தான்.

தாமிரா இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.